கை ஆறட்டும், பிறகு கேளுங்கள்

கையில் அடிபட்ட பிறகும் சர்ஜரி ஆசையை விடாத ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பி.ஜி. மாணவர்களுக்கும்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

உங்களில் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதவில்லை. வருடத்துக்கு ஒருவராவது என் அறைக்கு வந்துவிடுகிறீர்கள். பைக்கில் போகும்போது லாரி உரசியவர், விடுதிக் கண்ணாடிக் கதவில் கையை விட்டவர், தீபாவளிக்கு ஊருக்குப் போய் வெடியில் விரல் நுனியைப் பறிகொடுத்தவர், சின்ன வயதில் கரும்பு மெஷினில் சிக்கிய கையோடே எம்.பி.பி.எஸ். முடித்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இனிமே நான் சர்ஜரி எடுக்கலாமா?" பெரும்பாலும் அப்போது தையல்கூடப் பிரித்திருக்காது.

இப்போது கேட்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. உங்கள் கை என்ன ஆகப்போகிறது என்பது அந்த நேரத்தில் எனக்கும் தெரியாது, உங்களுக்கு ஆபரேஷன் செய்தவருக்கும் தெரியாது.

நீங்களே படித்த பாடம்தான், கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விரலை மடக்கும் டெண்டன் அறுந்தால் தைத்துவிட்டு ஸ்பிளிண்ட் போடுகிறோம். சில நாட்களிலேயே அந்த ஸ்பிளிண்டுக்குள் அசைக்கத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் விட்டுப்போகும். ஸ்பிளிண்ட் கழற்ற ஆறு வாரம், பாரம் தூக்க மூன்று மாதம். உள்ளங்கை ரேகைக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியில் வெட்டு விழுந்தால் பழைய காலத்து சர்ஜன்கள் அங்கே கைவைக்கவே தயங்கினார்கள். நோ மேன்ஸ் லேண்ட் என்று அதற்குப் பெயர் வைத்ததே அதனால்தான். இன்று அங்கேயும் முதல் நாளே தைக்கிறோம். நரம்பின் கணக்கு வேறு. தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் அறுந்த மீடியன் நரம்பு ஆள்காட்டி விரல் நுனியை எட்ட ஆறு மாதம் ஆகும். எட்டிய பிறகும் அந்த நுனி சொல்வதை மூளை புரிந்துகொள்ளப் பழக வேண்டும். மூன்றாவது வாரத்தில் மரத்துப்போயிருக்கும் விரலை வைத்து நாற்பது வருட வேலையை எப்படி முடிவு செய்வீர்கள்?

கவுன்சலிங் தேதி உங்கள் நரம்புக்காகக் காத்திருக்காது, தெரியும். காத்திருக்காவிட்டால் போகட்டும். உங்கள் செட்டில் பாதிப் பேர் நல்ல ரேங்குக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கத்தானே போகிறார்கள்? அவர்களோடு நீங்களும் உட்காருங்கள். அவர்களுக்கு இல்லாத வேலை ஒன்று உங்களுக்கு இருக்கும்: தினமும் பிசியோதெரபி.

இனி, சர்ஜரி ஒரு கையிடம் உண்மையில் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மட்டுமல்ல, நம் ஆட்களே இதைத் தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீடில் ஹோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் ஒரு வளையத்தில், மோதிர விரல் மறு வளையத்தில், ஆள்காட்டி விரல் தண்டின் மேல் நீண்டு திசை காட்டும். புத்தகப்படி அதுதான் பிடி. ஆனால் உங்கள் சீஃப் வயிற்றை மூடும்போது உற்றுப் பாருங்கள். வளையத்துக்குள் பல நேரம் விரலே இருக்காது. முழுக் கருவியையும் உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, கட்டைவிரல் அடியிலுள்ள சதையால் அழுத்தித் திறப்பார், மூடுவார். மோதிர விரல் விறைத்துப்போன ஒருவருக்கு இந்தப் பிடி போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். வளைந்த ஊசி திசுவுக்குள் ஓடுவது விரல்களின் வேலை அல்ல. முழங்கைக்குக் கீழே முன்கை சுழல்கிறதே, அந்தச் சுழற்சிதான் ஊசியை ஓட்டுகிறது. அதனால் சுண்டு விரல் நுனி போனவரைப் பார்த்து நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கை முழுசாகத் தெரியும், விரல் எல்லாம் மடங்கும், எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லும், ஆனால் உள்ளங்கையை முழுக்க மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை என்றால் அவரைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறேன். பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும் காயமும் வேலையைக் கெடுக்கும் காயமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

அதேபோல, விறைத்த விரலைவிட மரத்த விரல் மோசமானது. விறைத்த ஆள்காட்டி விரலை ஒதுக்கிவிட்டு நடுவிரலால் நாட் போடப் பழகலாம். மரத்த விரல் எங்கே இருக்கிறது என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அடிவயிற்றின் ஆழத்தில், ரத்தம் நிரம்பிய குழியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நூலை இறக்கி முடிச்சை இறுக்கும்போது நமக்கு இருப்பது விரல் நுனியின் உணர்ச்சி மட்டும்தான். பேப்பர் கிளிப்பை விரித்து இரண்டு முனைகளையும் ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்துத் தொட்டால், சாதாரண விரல் நுனி இரண்டென்று சொல்லிவிடும். உங்கள் கையில் இதை மாதம் ஒருமுறை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும். நீங்களே தொட்டுக்கொண்டு நீங்களே மார்க் போடாதீர்கள்.

சின்ன விஷயம் ஒன்று. விரல் குட்டையாகிவிட்டால் கையுறையின் நுனி காலியாகத் தொங்கும், நாட் போடும்போது நூலோடு சேர்ந்து முடிச்சுக்குள் சிக்கும். அந்த நுனியை மடித்துக் கட்டி, மேலே இன்னொரு கையுறை மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இருக்காது. தியேட்டர் சிஸ்டர்களிடம் கேளுங்கள், இந்த மாதிரி விஷயங்களில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கையுறை என்றதும் ஒரு பழைய கதை. 1889 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்கு, கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பாதரசக் கரைசலால் கைத் தோல் வெந்துபோயிற்று. அவருடைய சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து கொடுத்தார். நோயாளிக்குத் தொற்று வராமல் இருப்பதற்காக அல்ல, ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்ற. (பின்னால் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த அம்மா வேலையை விட்டுவிட்டார், அது வேறு விஷயம்.) இன்று உலகத்தில் எவரும் கையுறை இல்லாமல் கத்தி எடுப்பதில்லை. ஒரு கையால் முடியவில்லை என்றபோது கருவி வளைந்து கொடுத்தது. நம் துறையில் இது புதிதல்ல. கருவி வளையாத இடத்தில் கை பழகிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு இடதுகைக்காரர் இருப்பார். கத்தரிக்கோலும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் வலது கைக்காகச் செய்தவை. பூட்டைத் திறக்க வலது கட்டைவிரல் தள்ளும் திசைக்கு இடது கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அவர் அதைப் பழகிக்கொண்டு கேஸ் செய்கிறார். அவரைப் பார்த்து யாரும் உனக்கு சர்ஜரி வேண்டாம் என்று சொன்னதில்லை.

இனி மதுரைக்கு வருகிறேன். அரவிந்த் கண் மருத்துவமனை எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கைகளைப் பற்றி உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது என்பதை வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்தார். அவர் ஆசைப்பட்டது கண் மருத்துவத்துக்கு அல்ல, பிரசவ மருத்துவத்துக்கு. உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1948இல் முடக்குவாதம் வந்து அங்கிருந்து அனுப்பப்பட்டார். வயது முப்பது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. பேனா பிடிக்க முடியாத அளவுக்கு விரல்கள் கோணிப்போயின, அந்தக் கோணல் கடைசிவரை நிமிரவில்லை. எழுந்து வந்தவர் கண் மருத்துவம் படித்தார். 1951இல் டிப்ளமோ, 1954இல் எம்.எஸ். அந்தக் கோணல் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை மாற்றி அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகி, கண்புரை அறுவை செய்யத் தொடங்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்தக் கையால் செய்தார். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஐம்பத்தெட்டு வயது. அந்த வருடமே மதுரையில் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக மன உறுதி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மன உறுதி இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் துறையை மாற்றிக்கொண்டதுதான். பிரசவ மருத்துவம் வலுவைக் கேட்கும், இழுக்கச் சொல்லும், நள்ளிரவில் நின்றுகொண்டே வேலை வாங்கும். வீங்கி வலிக்கும் மூட்டுகளுக்கு அது ஒத்துவராது. கண் அறுவைக்கு வலு வேண்டாம். கையை நோயாளியின் நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம், அசைவெல்லாம் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கோணினாலும் நடுங்காத விரலுக்கு அந்த இடம் போதும். அவர் பிரசவ மருத்துவத்தையே பிடித்துத் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மதுரைக்கு அரவிந்த் கிடைத்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸின் கதையும் இதே ரகம்தான். சி.எம்.சி.யில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் பயிற்சியில் இருந்தவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கை தப்பியது. அப்போது அங்கே சர்ஜன் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு டெண்டன் மாற்று அறுவை செய்துகொண்டிருந்தார். கை அறுவையை எல்லோருமே மேசை முன் உட்கார்ந்துதான் செய்கிறோம். எல்லோரும் உட்காரும் இடத்தில் சக்கர நாற்காலி ஒரு குறையே இல்லை. மேரி அந்த மேசைக்கு வந்தார், தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையையே கட்டினார். முதலில் ஆசைப்பட்ட துறை அவருக்கும் கிடைக்கவில்லை.

பிராண்ட் செய்த அறுவையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்கு இருந்த டெண்டனை எடுத்து வேறு வேலைக்கு மாட்டுகிறோம். முதல் வாரங்களில் நோயாளி ஒன்றை நினைத்தால் வேறொன்று அசையும். பிறகு மூளை புது வழியைப் படித்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத ஐம்பது வயது விவசாயி இதைச் சாதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இருபத்து நான்கு வயதில் உங்களால் முடியாதா?

இனி கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். சில கதவுகள் மூடத்தான் செய்யும். வலது மீடியன் நரம்பின் உணர்ச்சி ஒரு வருடத்துக்குப் பிறகும் திரும்பவில்லை என்றால், மைக்ரோ சர்ஜரியை மறந்துவிடுங்கள். பிடி வலு பாதியாகவே நின்றுவிட்டால், தொடை எலும்பில் ஆணி அடிக்கும் எலும்பு அறுவை உங்களுக்கும் கஷ்டம், நோயாளிக்கும் ஆபத்து. இரவு இரண்டு மணிக்கு, அசிஸ்ட் செய்ய ஒரு ஹவுஸ் சர்ஜன் மட்டும் இருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரியில், வெட்டுக் குத்துக் கேஸில் ரத்தம் பீறிடும்போது உங்கள் கை என்ன செய்யும் என்பதுதான் கணக்கு. பகல் வெளிச்சத்தில், சீஃப் பக்கத்தில் நிற்கும்போது செய்த குடல்வால் கேஸை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். உங்களிடம் பிரியம் இல்லாத ஒரு அசிஸ்டன்ட் புரொபசரை பக்கத்தில் நிறுத்தி வேலை செய்துகாட்டுங்கள். அவர் வாயிலிருந்து வரும் சொல்லைவிட நம்பகமான சான்றிதழ் கிடையாது.

ஆறாத புண்ணோடும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கே-வயரோடும் ஸ்க்ரப் செய்யலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது. நோயாளிக்கும் ஆகாது, உங்கள் ரத்தத்துக்கும் ஆகாது.

சட்டத்தின் பக்கம் ஒரு முரண்பாடு இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உயர்கல்வியில் 5 சதவீத இடம் உண்டு, ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 40ஐக் காட்டினால், தேசிய மருத்துவ ஆணையத்தின் எம்.பி.பி.எஸ். விதி, இரண்டு கைகளும் பழுதில்லாமல், உணர்ச்சியோடும் வலுவோடும் இருக்க வேண்டும் என்றது. ஒரு ஜன்னலில் ஊனத்தை நிரூபி, அடுத்த ஜன்னலில் ஊனம் இல்லை என்று நிரூபி என்கிற கதை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று போர்டு பார்க்க வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் விரல்கள் குறைபட்ட ஒரு மாணவரின் வழக்கில், இரு கைகளும் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அரசியல் சட்டத்துக்கும் 2016 சட்டத்துக்கும் எதிரானது என்று நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு சொல்லிவிட்டது. (விஸ்வநாதன் பொள்ளாச்சிக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.) இவை எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழக்குகள். உங்களுக்கு சர்ஜரி இடம் வாங்கித் தரும் தீர்ப்புகள் அல்ல. ஆனால் மெடிக்கல் போர்டு முன் உட்காரும்போது, என் கையில் என்ன இல்லை என்று எண்ணாமல், இந்தக் கையால் என்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள் எனக் கேட்கும் தெம்பை அவை தருகின்றன. அந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். "பேசாம ரேடியாலஜி எடுத்துக்கோப்பா, கஷ்டமில்லாத வேலை." நம் ஊரில் கை நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், ஆகையால் அடிபட்டதால் சொல்கிறார்கள் என்று நினைத்து அழ வேண்டாம். ரேடியாலஜி உங்களுக்குப் பிடித்தால் எடுங்கள். பயந்துபோய் எடுக்காதீர்கள். அதிலும் ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் ஓட்டும் பிரிவுக்குப் போனால் கையிலேயேதான் பிழைப்பு.

சேர்ந்த பிறகு மறைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே சீஃபிடம் போய், இன்ன காயம், இன்னது முடியும், இன்னது தாமதமாகும் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துத் தியேட்டரில் தடுமாறினால், முதல் வருஷப் பி.ஜி.க்கே உரிய சாதாரணத் தடுமாற்றத்தையும் உங்கள் காயத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். எல்லாப் பி.ஜி.யும் முதல் ஆறு மாதம் தடுமாறுகிறவர்தான்.

கை மருத்துவத்துக்கு நீங்கள் தூர தேசம் போக வேண்டியதில்லை. ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை இருக்கிறது (மதுரைக்காரரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர் வேறு). வேலூர் இருக்கிறது, கோவையில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. அங்கெல்லாம் கைக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற தெரபிஸ்டுகள் உண்டு. ஆபரேஷன் செய்த சர்ஜனை நீங்கள் இரண்டு தடவை பார்ப்பீர்கள், தெரபிஸ்டை ஆறு மாதம் பார்க்க வேண்டியிருக்கும். அவர் சொல்வதைக் கேளுங்கள். டாக்டர்கள்தான் அவர்களுக்கு வாய்க்கும் மோசமான நோயாளிகள். பாதியில் நின்றுவிடுவோம், நமக்குத் தெரியாததா என்போம்.

தெரபிஸ்ட் அனுமதித்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். பழைய நீடில் ஹோல்டர் ஒன்று, ஃபோர்செப்ஸ் ஒன்று, காலாவதியான சில்க் நூல் கொஞ்சம், இதெல்லாம் தியேட்டரில் கேட்டால் கொடுப்பார்கள். நாற்காலிக் கையில் நூலைக் கட்டி நாட் போடுங்கள், முதலில் இரு கையால், பிறகு வலது கையால் மட்டும், பிறகு இடது கையால் மட்டும். பழைய துணியில் தையல் போட்டு, தேதி எழுதி அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். எந்தப் பிடியில் வலித்தது, எந்த விரல் பின்தங்கியது, ஏ.சி. குளிரில் விரல் எப்படி இருந்தது என்றெல்லாம் எழுதுங்கள். அடிபட்ட கைக்குக் குளிர் ஆகாது, தியேட்டரோ எப்போதும் குளிர்தான்.

ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். எக்ஸ்ரே கவர் வேண்டாம். திங்கள், வியாழன் எனக்கு ஓ.பி. மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சர்ஜரி சொல்லித்தரும் உங்கள் வாத்தியார்